தமிழகத்தில் குதிரைக் கருவிகளும் குதிரைப் பேணலும்: இலக்கிய, சொல்லியல் நோக்கு

முன்னுரை

பண்டைத் தமிழகத்தின் குதிரை வாணிகம் குறித்து வரலாற்றாசிரியர்கள் விரிவாக எழுதியுள்ளனர். எங்கிருந்து குதிரைகள் வந்தன, எவர் கொணர்ந்தனர், என்ன விலை பெற்றனர் என்பன ஓரளவு தெளிவாகியுள்ளன. வந்திறங்கிய குதிரை அதன்பின் எவ்வாறு வாழ்ந்தது என்னும் வினா அத்துணை கவனம் பெறவில்லை. அதன் வாயில் எக்கருவி பூட்டப்பட்டது, முதுகில் எது இடப்பட்டது, குளம்பு எவ்வாறு காக்கப்பட்டது, தீனியாக எது கொடுக்கப்பட்டது என்பவற்றுக்கு விடை காணாமல் அவ்வாணிகத்தின் முழுப் பொருளையும் உணர இயலாது.

இவ்வினா ஒரு குற்றச்சாட்டோடும் தொடர்புடையது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோவும், அதனை அடுத்து ஈரானிலிருந்து எழுதிய வஸ்ஸாஃபும், தமிழ்நாட்டார்க்குக் குதிரை பேணத் தெரியாது என்னும் கருத்தைப் பதிவு செய்துள்ளனர். பின்வந்த ஆய்வாளர் பலர் அதனை அப்படியே ஏற்றுக்கொண்டனர். அக்கருத்து எந்த அளவிற்கு உண்மை என்பதைத் தமிழ் இலக்கியச் சான்றுகள், குதிரைக் கருவிகளைக் குறிக்கும் சொற்கள், சிற்பங்கள் ஆகியவற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குதிரைக்கு இன்றியமையாத கருவிகளை மூவகையாகப் பகுத்துக்கொள்ளலாம். வாயும் கழுத்தும் பற்றிக் குதிரையைச் செலுத்த உதவுவன முதல் வகை. கடிவாளமும் வாரும் கோலும் இதில் அடங்கும். ஏறுவோன் நிலையாக அமர உதவும் சேணமும் அங்கவடியும் இரண்டாம் வகை. குதிரையின் உடலைக் காக்கும் இலாடம், மயிர் குறைக்கும் கருவி, தீனி, பந்தி முதலியன மூன்றாம் வகை. இவை மூன்றும் ஒரே காலத்தில் ஒரே வழியாகத் தமிழகத்திற்கு வந்தனவல்ல. இவ்வேறுபாடே இங்கு ஆய்வுக்கு அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது.

1. கடல்வழி வந்த புரவி

தமிழகத்தில் குதிரை பெருந்தொகையாகப் பிறந்து வளரும் விலங்கன்று. இதனைச் சங்க இலக்கியமே உணர்த்துகிறது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்த பொருள்களை வரிசைப்படுத்தும்போது நீர்வழி வந்த குதிரையை முதலில் வைக்கிறது. மதுரைக்காஞ்சி கடலோடிகளின் நாவாய்கள் கொணர்ந்த புரவியைக் குறிப்பிடுகிறது. பெரும்பாணாற்றுப்படை, வெண்ணிற உளையையுடைய குதிரைகள் வடநாட்டு வளங்களோடு கலங்களில் வந்தமையைக் கூறுகிறது. மூன்று பாட்டுகளும் மூன்று வெவ்வேறு இடங்களைப் பாடுவன. எனினும் குதிரை கடல்வழி வந்தது என்பதில் ஒத்துள்ளன.

எனவே குதிரை என்பது தொடக்கம் முதலே விலை கொடுத்துப் பெற்ற பொருள். உள்நாட்டிலேயே பிறந்த எருதைப் போலவோ, காட்டில் பிடிக்கப்பட்ட யானையைப் போலவோ தலைமுறை தலைமுறையாக வந்த பழக்க அறிவு அதற்கு எளிதில் வாய்ப்பதில்லை. விலங்கோடு அதற்குரிய கருவியும், அக்கருவியைக் கையாளும் ஆளும் சேர்ந்து வந்தாலன்றி முழுப் பயன் கிட்டாது.

2. செலுத்தும் கருவிகள்

சங்கப் பாடல்களில் குதிரை பெரிதும் தேரில் பூட்டப்பட்ட நிலையிலேயே காட்டப்படுகிறது. வினைமுடித்து மீளும் தலைவன் தேர்ப்பாகனை நோக்கிப் பேசும் முல்லைப் பாடல்களில் செலுத்தும் கருவிகள் இயல்பாக இடம்பெறுகின்றன. பாகன் வலவன் எனப்படுகிறான். அவன் கையிலுள்ள தோல்வார் வள்பு எனப்படுகிறது. விரைந்து செல்ல வேண்டியபோது முள் எனும் தாற்றுக்கோலால் குதிரையைத் தூண்டுமாறு தலைவன் கூறுகிறான். அகநானூற்றின் நான்காம் பாடலில், பூக்களில் தேனுண்ணும் வண்டுகள் அஞ்சிக் கலையாதிருக்க, தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வரும் தலைவன் பேசப்படுகிறான். அணியாகவும் ஒலிக்கருவியாகவும் மணி பூட்டப்பட்டிருந்தமையும், வேண்டும்போது அதன் ஒலியை அடக்கும் வழக்கம் இருந்தமையும் இதனால் பெறப்படுகின்றன.

சாட்டையைக் குறிக்கும் மத்திகை என்னும் சொல் தனியே நோக்கத்தக்கது. முல்லைப்பாட்டில் பாசறை காக்கும் யவனர் இதனைத் தம் உடையோடு சேர்த்துச் சுற்றியிருந்தனர் என்பது காட்டப்படுகிறது. இச்சொல்லைச் சாட்டையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு ஒப்பிட்டுக் காண்போர் உளர். பிற்கால இலக்கியங்களிலும் நிகண்டுகளிலும் இடம்பெறும் கலினம் என்னும் சொல்லும் இத்தகையதே. அது வடமொழியின் கலீனம் என்பதிலிருந்து வந்தது. வடமொழி அதனைக் கிரேக்கத்தின் காலினோஸ் என்பதிலிருந்து பெற்றது என்பது மொழிநூலார் பலரின் கருத்து. ஆயின் குதிரையின் வாய்க்கும் முதுகுக்கும் உரிய இருபெருங் கருவிகளின் பெயர்கள் கடலையும் மொழிகளையும் கடந்து தமிழுக்கு வந்துள்ளன. கருவி பயணம் செய்தபோது அதன் பெயரும் உடன் பயணம் செய்தது.

செலுத்தும் கருவிகள் தமிழகத்தில் மிகப் பழமையானவை என்பது இதுவரை கூறியவற்றால் தெளிவாகும். வள்பு, முள் போன்ற தமிழ்ச்சொற்களும் மத்திகை போன்ற ஒட்டுச்சொற்களும் சங்ககாலத்திலேயே அருகருகே வழங்கின.

3. தீனியும் பேணலும்

குதிரையின் உடல் பேணப்பட்ட முறைக்கும் சங்க இலக்கியத்தில் சான்றுகள் உள்ளன. கொய்த உளை, கொய்த சுவல் என்னும் அடைகள் பல பாடல்களில் குதிரைக்கு வருகின்றன. பிடரிமயிரைச் சீராக வெட்டிவிடும் வழக்கம் பரவலாக இருந்தது என்பதை இவ்வடைகள் காட்டுகின்றன. மயிர் குறைக்கும் கருவியைப் பொருநராற்றுப்படை விறலியின் காதுக்கு உவமையாக்குவதால், அத்தகைய கருவி அக்காலத்தில் அனைவரும் அறிந்த பொருளாக இருந்தது என்பதும் புலனாகும்.

நெடுநல்வாடையில், நள்ளிரவில் பாசறையைச் சுற்றிவரும் வேந்தனின் அருகே, பருமம் களையப்படாத குதிரைகள் தம்மேல் விழும் மழைத்துளிகளை உதறி நிற்கின்றன. எந்நேரமும் போருக்கு எழ வேண்டிய நிலையில் முதுகுக் கருவியை அவிழ்க்காமல் வைத்திருந்த செய்தியை இது தருகிறது. இயல்பான நாள்களில் அதனை இரவில் களைதலே வழக்கம் என்பதும் இதன் மறுதலையாகப் பெறப்படும். முல்லைப்பாட்டில் உறக்கமின்றி இருக்கும் வேந்தன் நினைக்கும் துன்பங்களுள், அம்பு தைத்த வலியால் செவி சாய்த்து உணவு கொள்ளாது வருந்தும் குதிரைகளும் இடம்பெறுகின்றன. குதிரை உண்ணாமையை நோயின் முதற்குறியாகக் கொள்ளும் கண் இதில் உள்ளது. செவியின் நிலையைப் பார்த்துக் குதிரையின் வலியை உணர்தல், குதிரையோடு பழகியோர்க்கே கைவரும் அறிவாகும்.

தீனி பற்றிய மிகச் சிறந்த சான்று புறநானூற்றின் 299ஆம் பாடலில் உள்ளது. பொன்முடியார் பாடிய இப்பாடல் இருவகைக் குதிரைகளை எதிரெதிர் நிறுத்துகிறது. ஒன்று, பருத்தி வேலி சூழ்ந்த சிற்றூர் மன்னனின் குதிரை. அது உழுந்தின் சக்கையைத் தின்று தளர்ந்த நடையுடையது. மற்றையன, வளமான மருதநிலப் பெருவேந்தரின் குதிரைகள். அவை நெய் பெய்து மிதித்த கவளம் உண்டவை, பிடரிமயிர் கொய்யப்பட்டவை, மாலை அணிந்தவை. போர்க்களத்தில் சிற்றூர்க் குதிரை கடலைக் கிழிக்கும் தோணி போலப் பகைப்படையைப் பிளந்தது. நெய்க்கவளம் உண்ட குதிரைகளோ, முருகன் கோட்டத்தில் கலம் தொடுதற்கு விலக்கான மகளிர் போல ஒதுங்கி நின்றன.

இப்பாடல் குதிரைமறத் துறையில் அமைந்தது. சிறுகுடி மறவரின் வீரத்தைப் போற்றுவதே இதன் கருத்து. எனினும் அதன் உள்ளே ஓர் உழவர்க் கண் மறைந்துள்ளது. மிகுதியாகக் கொழுப்பூட்டப்பட்டு, குறைவாக உழைத்த குதிரை களத்தில் உதவாது என்னும் பட்டறிவு அதில் வெளிப்படுகிறது. ஓராயிரம் ஆண்டுக்குப் பின் வெளிநாட்டார் இதே குறையைச் சொன்னபோது, தமிழ்ப் புலவர் ஒருவர் முன்னரே அதனைப் பாடியிருந்தார் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

4. கல்வியும் களமும்

குதிரையைப் பயிற்றுதல் தமிழ் மரபில் கல்வி என்றே கூறப்பட்டது. திருக்குறள் தீநட்பு அதிகாரத்தில் (814) போர்க்களத்தில் தன்மேல் ஏறியவனைக் கைவிடும் பயிலாத குதிரையை உவமையாக்கி, அத்தகையோரின் நட்பைவிடத் தனிமை மேல் என்கிறது. இங்குக் குதிரையின் கல்வி யாது என விளக்க வந்த பரிமேலழகர், ஐந்து கதியையும் பதினெட்டுச் சாரியையும் பொரும் ஆற்றலையும் பயிலுதல் எனப் பொருள் விரிக்கிறார். கதி என்பது நடையின் வகை. சாரி என்பது வட்டமாகவும் பிறவாறும் சுற்றிவரும் முறை. உரையாசிரியர் காலத்தில் குதிரைப் பயிற்சி எண்ணிட்டு வகுக்கப்பட்ட கலையாக விளங்கியது என்பது இதனால் தெளிவு.

இதற்கு முன்னோடியாக மதுரைக்காஞ்சியில் மண்டிலம், ஆதி என்னும் இரு செலவுகள் குறிக்கப்படுகின்றன. மண்டிலம் வட்டமான ஓட்டம். ஆதி நேராகச் செல்லும் விரைவோட்டம். குதிரையை வட்டமிடச் செய்து பழக்கும் முறை இன்றளவும் குதிரைப் பயிற்சியின் அடிப்படையாக உள்ளது. பிற்காலத்தில் குதிரை செலுத்தும் இடம் வையாளி வீதி, செண்டுவெளி எனப் பெயர் பெற்றது. திருவரங்கத்தில் இராப்பத்துத் திருநாளின் எட்டாம் நாள் வேடுபறியில், நம்பெருமாள் தங்கக் குதிரை வாகனத்தில் எழுந்தருளி முன்னும் பின்னும் விரைந்து செல்லும் நடை வையாளி என்றே வழங்குகிறது. படையில் வழக்கொழிந்த ஒரு பயிற்சிச் சொல் கோயில் வழக்கில் இவ்வாறு நிலைபெற்றுள்ளது.

5. பதின்மூன்றாம் நூற்றாண்டுக் குற்றச்சாட்டு

கி.பி. 1268இல் அரியணையேறிய மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் குதிரை இறக்குமதி உச்சநிலையை எட்டியது. காயல் துறைமுகத்தில் ஓர்மசு, கிஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகள் வந்திறங்கின. கிஷ் தீவின் வணிகத் தலைவரான சமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்ப உடன்பட்டிருந்தார் என்றும், அபூபக்கர் என்னும் பாரசீக ஆட்சியாளர் காலத்தில் 10,000 குதிரைகள் இப்பகுதிகளுக்கு ஏற்றுமதியாயின என்றும் வஸ்ஸாஃப் எழுதுகிறார். ஒரு குதிரையின் விலை 220 தினார். வழியில் கடலில் இறந்த குதிரைக்கும் அவ்விலை கொடுக்கப்பட்டது என்பது அவர் கூற்று.

மார்க்கோ போலோவின் குறிப்பு இன்னும் கடுமையானது. மன்னன் ஆண்டுக்கு 2,000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறான். அவன் உடன்பிறந்தாரும் அவ்வாறே வாங்குகின்றனர். ஆண்டின் இறுதியில் நூறு குதிரைகூட உயிரோடு எஞ்சுவதில்லை. இலாடம் கட்டுவோரும் குதிரை மருத்துவரும் அந்நாட்டில் இல்லாமையே இதற்குக் காரணம். அத்தகையோர் அங்குச் செல்லாதவாறு வணிகர்கள் தடுக்கின்றனர்; குதிரைகள் இறந்தால்தானே ஆண்டுதோறும் விற்பனை நடக்கும். இவ்வாறு கூறும் மார்க்கோ போலோ, குதிரைகளுக்குச் சோற்றோடு சமைத்த இறைச்சி கொடுக்கப்படுவதையும் வியப்போடு குறிப்பிடுகிறார்.

வஸ்ஸாஃப் தீனியையும் பயிற்சியையும் ஒருங்கே குறைகூறுகிறார். புதிதாக வந்த குதிரைகள் கொழுக்க வேண்டும் என்பதற்காக நாற்பது நாள் கயிற்றாலும் முளையாலும் கட்டி வைக்கப்படுகின்றன. வறுத்த வாற்கோதுமையும் வெண்ணெய் கலந்த தானியமும் காய்ச்சிய பசும்பாலும் கொடுக்கப்படுகின்றன. அதன்பின் பயிற்சி எதுவும் இன்றி, அங்கவடி முதலிய கருவிகளும் இன்றி, வீரர்கள் அவற்றின்மேல் ஏறிப் பேய்போல் விரட்டுகின்றனர். வலிமை மிக்க குதிரைகளும் விரைவில் சோர்ந்து பயனற்றுப் போகின்றன.

இக்கூற்றுகளை மதிப்பிடுங்கால் மூன்று செய்திகளைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவது, சொல்வோர் யார் என்பது. வஸ்ஸாஃப் ஈரானில் இருந்து எழுதியவர். அவருக்குச் செய்தி தந்தோர் குதிரை வணிகத்தோடு தொடர்புடையோராதல் வேண்டும். விற்ற பொருள் விரைவில் கெட்டால், வாங்கியவனின் அறியாமையைக் காரணம் காட்டுதல் வணிகர்க்கு இயல்பு. நீண்ட கடற்பயணத்தில் நலிந்த குதிரைகள், வறண்ட நாட்டிலிருந்து ஈரமும் வெப்பமும் மிக்க நாட்டிற்கு வந்த குதிரைகள் என்பன அக்கூற்றுகளில் இடம்பெறவில்லை.

இரண்டாவது, தீனி பற்றியது. சமைத்த தானியமும் நெய்யும் இறைச்சியும் குதிரைக்குக் கொடுப்பது தமிழ்நாட்டாரின் தனிப்பட்ட அறியாமையன்று. கௌடலீயரின் பொருள்நூல் குதிரைத் தலைவன் பற்றிய பகுதியில் உயர்ந்த வகைக் குதிரைக்கு நெல், வாற்கோதுமை முதலியவற்றை அரைகுறையாக உலர்த்தியோ அவித்தோ கொடுக்கவும், நெய்ப்பொருளும் உப்பும் ஐம்பது பலம் இறைச்சியும் சேர்க்கவும் விதிக்கிறது. அந்நூல் பந்தியின் அகலம் குதிரையின் நீளத்தைப்போல் இருமடங்கு இருக்க வேண்டும் என்றும், நாற்புறமும் வாயில்கள் அமைய வேண்டும் என்றும் வகுக்கிறது. காம்போசம், சிந்து முதலிய நாட்டுக் குதிரைகளைத் தலையாயவை எனத் தரம் பிரிக்கிறது. புறநானூறு கூறும் நெய்க்கவளமும் இம்மரபைச் சார்ந்ததே. ஆகவே வெளிநாட்டார் அறியாமை எனக் கண்டது, இந்தியா முழுவதும் பரவியிருந்த ஒரு நூல்மரபின் நடைமுறையே ஆகும்.

மூன்றாவது, அந்நடைமுறை எங்கே தவறியது என்பது. உழைப்பின்றி நாற்பது நாள் கட்டி வைத்து, தானியத்தை மிகுதியாக ஊட்டினால் குதிரைக்கு வயிற்றுநோய் தோன்றும். குளம்பின் உட்பகுதி வீங்கி நடக்க இயலாமற்போகும். இது இக்காலக் கால்நடை மருத்துவம் தெளிவாக உணர்ந்த உண்மை. நோய் குளம்பில் வெளிப்படும்போது அதனைச் செதுக்கிச் சீர்செய்யும் கைவினைஞன் வேண்டும். மார்க்கோ போலோ இல்லை என்று குறித்தது சரியாக அவனையே. தீனியின் பிழை குளம்பில் தெரிந்தது; குளம்பு காப்போன் இல்லாமையால் அப்பிழை உயிர்க்கேடாக முடிந்தது. இருவர் கூறியவற்றையும் இணைத்து நோக்கும்போதே இக்காரணத் தொடர் புலப்படுகிறது.

6. சொற்கள் காட்டும் அடுக்குகள்

மேற்கூறிய முடிபைக் கருவிச் சொற்களும் உறுதிப்படுத்துகின்றன. செலுத்தும் கருவிகளின் பெயர்கள் சங்ககாலத்திலிருந்தே கிடைப்பதை முன்னர்க் கண்டோம். இடைக்காலத்தில் கலினம், கசை, பல்லணம் முதலிய வடசொல் வழிப் பெயர்கள் மிகுந்தன. பல்லணம், வடமொழியின் பர்யாணம் என்பது பாகதத்தில் பல்லாணம் என்றாகித் தமிழுக்கு வந்த வடிவம். கடிவாளம் என்பதைக் கடி என்னும் வினையடியோடு இணைத்துப் பொருள் கொள்வது இயல்பு. குதிரை பல்லிடைக் கடித்திருக்கும் கருவி என்னும் பொருள் அதற்கு நன்கு பொருந்துகிறது.

ஏறுவோன் காலை ஊன்றும் அங்கவடி என்னும் சொல் சங்க நூல்களில் இல்லை. கன்னடத்திலும் தெலுங்கிலும் இதனையொத்த வடிவங்கள் வழங்குகின்றன. இலாடமும் அவ்வாறே, தெலுங்கில் லாடமு எனவும் கன்னடத்தில் லாள எனவும் அது வழங்கும். ஆணியறைந்த இலாடம் இந்தியாவில் பரவியது பெரும்பாலும் துருக்கியர் வருகைக்குப் பின்னரே என வரலாற்றாசிரியர் கருதுவர். தக்காணப் பேரரசுகளின் குதிரைப்படைகளோடு இவ்விரு கருவிகளும் அவற்றின் பெயர்களும் தெற்கு நோக்கி வந்தன எனக் கொள்ள இடமுண்டு.

அடுத்த அடுக்கு பாரசீகச் சொற்களாலானது. லகான், சவாரி, சவுக்கு, சேணத்தைக் குறிக்கும் சீனி ஆகியன இவ்வகையின. இவை நவாபுகள், மராட்டியர், பாளையக்காரர் காலப் படைவழக்கில் வேரூன்றின. சேணமும் கடிவாளமும் ஏற்கெனவே தமிழில் பெயர் பெற்றிருந்தும் மீண்டும் புதுப்பெயர் பெற்றமை, அக்கருவிகள் புதிய வடிவில் புதிய ஆள்களோடு வந்தமையைக் காட்டுகிறது. இராவுத்தர் என்னும் சொல் இதற்கு நல்ல சான்று. குதிரைவீரனைக் குறித்த அது, படையோடும் குதிரை வாணிகத்தோடும் தொடர்புடைய ஒரு சமூகத்தின் பெயராக நிலைத்தது. பக்திப் பாடல்களில் முருகனை விளிக்கும் பெயராகவும் இடம்பெற்றது.

இவ்வடுக்குகளை ஒருசேர நோக்கினால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. குதிரையைச் செலுத்தும் கருவிகளின் பெயர்கள் பழையன. ஏறி அமர்வதற்கும் குளம்பு காப்பதற்கும் உரிய கருவிகளின் பெயர்கள் பிற்பட்டன. தேரில் பூட்டிய குதிரைக்கு வாரும் கோலும் போதும். முதுகில் ஆயுதமேந்திய வீரனைச் சுமந்து கல்லும் முள்ளும் நிறைந்த நெடுவழியில் ஓடும் குதிரைக்கு அங்கவடியும் இலாடமும் வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாண்டிநாடு இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட மாறுதல் காலத்தில் நின்றது.

7. சிற்பங்களின் சான்று

சாஞ்சி, மதுரா ஆகிய இடங்களின் பழஞ்சிற்பங்கள் சிலவற்றில் ஏறுவோன் கால் பெருவிரலை நுழைக்கும் வளையம் காணப்படுகிறது. முழுப் பாதத்தையும் தாங்கும் அங்கவடி சீனாவில் கி.பி. நான்காம் நூற்றாண்டிலேயே வழக்கில் இருந்தது. தமிழகத்தில் விசயநகர, நாயக்கர் காலக் கோயில் மண்டபங்களே குதிரைக் கருவிகளின் முழுமையான காட்சிக்கூடங்களாக விளங்குகின்றன. திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபம், வேலூர்ச் சலகண்டேசுவரர் கோயிலின் திருமண மண்டபம், காஞ்சி வரதராசர் கோயிலின் நூற்றுக்கால் மண்டபம் ஆகியவற்றில் முன்கால் தூக்கிப் பாயும் குதிரைகள் ஒற்றைக்கல்லில் வடிக்கப்பட்டுள்ளன. தலைவார், மார்வார், வால்வார், சேணத்துணி, மணிமாலை என ஒவ்வொரு பூட்டும் தனித்தனியே செதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். வார்கள் எவ்விடத்தில் இணைகின்றன, சேணம் எதனால் பிணைக்கப்படுகிறது என்பதைச் சிற்பி நேரில் கண்டறிந்தே செதுக்கியுள்ளான்.

இதே நுட்பத்தைப் புதுக்கோட்டை, சிவகங்கைப் பகுதிகளில் ஐயனார்க்கு எடுக்கப்படும் மண்குதிரைகளிலும் காணலாம். கடிவாளம், கழுத்துமணி, சேணம் ஆகியவற்றைக் குயவர்கள் மண்ணிலேயே வனைந்து சேர்க்கின்றனர். புரவியெடுப்பு விழாவில் ஊர்வலமாகச் செல்லும் இக்குதிரைகள், ஏட்டில் எழுதப்படாத ஒரு கருவிப் பட்டியலைத் தலைமுறைதோறும் சுமந்து வருகின்றன.

8. கயிறும் வாலும்

குதிரை வாணிகத்தில் கருவி ஒன்று உரிமை மாற்றத்தின் சின்னமாகவும் விளங்கியது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில், வணிகனாக வந்த இறைவன் குதிரைகளின் கயிற்றைப் பாண்டியன் ஆள்களிடம் மாற்றிக் கொடுக்கிறான். கயிறு மாறியபின் குதிரைக்கு நேர்வது யாதாயினும் அது வாங்கியவன் பொறுப்பே. அன்றிரவே பரிகள் நரிகளான போது, விற்றவனைப் பற்ற வழியின்றி மன்னனின் சினம் மாணிக்கவாசகர்மேல் திரும்புகிறது. இப்புராணக் கதையின் அடியில் சந்தை வழக்கு ஒன்று உள்ளது. வாங்கிய குதிரை ஓரிரவில் கெட்டுப்போகும் அச்சம் அக்கதையைக் கேட்ட மக்களுக்குப் புதிதன்று. ஆண்டுதோறும் குதிரைகள் மடிந்த நாட்டில் அது அவர்கள் கண்ட செய்தியே.

போர்த்துக்கேயரான நூனிசு பதினாறாம் நூற்றாண்டில் எழுதிய குறிப்பு இதற்கு மறுபக்கம் காட்டுகிறது. சாளுவ நரசிம்மர் குதிரைகளை உயிரோடும் இறந்த நிலையிலும் ஏற்றுக்கொண்டார். கடலில் இறந்த குதிரையின் வாலை மட்டும் கொணர்ந்து காட்டினாலே முழு விலை கொடுத்தார் என்பது அவர் கூற்று. வஸ்ஸாஃப் பாண்டியர் பற்றிக் கூறியதும் இதுவே. கயிறு மாறிய குதிரைக்கு வாங்கியவன் பொறுப்பேற்றான். கயிறு கைக்கு வராத குதிரைக்கும் அவனே விலை கொடுத்தான். இரு நிலையிலும் இழப்பு அரசின் கருவூலத்திற்கே. பாண்டியர் கொடுத்த குதிரை விலை கோயில் வருவாயிலிருந்தும் கணிகையர் வரியிலிருந்தும் பெறப்பட்டது என வஸ்ஸாஃப் கூறுவதை நோக்க, அவ்விழப்பு இறுதியில் யார்மேல் விழுந்தது என்பது விளங்கும்.

9. பிற்கால வளர்ச்சி

குதிரை பேணும் அறிவு பின்னர்த் தமிழகத்தில் ஊன்றியது. நகுலன் பெயரால் வழங்கும் அசுவசாத்திரம் வண்ணப் படங்களோடு தஞ்சையில் பேணப்பட்டு, 1952இல் சரசுவதி மகால் நூலகத்தால் தமிழ் மொழிபெயர்ப்போடு வெளியிடப்பட்டது. குதிரையின் இலக்கணம், சுழி, நிறம், நோய், மருந்து ஆகியன அதில் பேசப்படுகின்றன. தீனியிலும் மாற்றம் நேர்ந்தது. வெளிநாட்டு வாற்கோதுமைக்கும் நெய்க்கவளத்திற்கும் மாற்றாக, வானம் பார்த்த நிலத்தில் விளையும் கொள், வேகவைத்துக் கொடுக்கும் தீனியாகத் தென்னாட்டில் நிலைபெற்றது. ஆங்கிலேயரும் அதனைக் குதிரைத் தானியம் என்னும் பொருள்படும் பெயராலேயே அழைத்தனர். உழுந்துச் சக்கை தின்ற புறநானூற்றுக் குதிரையின் பருப்புவகைத் தீனியே ஒருவகையில் இறுதியில் வென்றது எனலாம்.

இலாடக் கலையும் தமிழ்மண்ணில் இறங்கிப் பரவியது. குதிரைக்கு வந்த இலாடம் வண்டிமாட்டுக்கும் உரியதாயிற்று. பிளவுபட்ட குளம்புக்கு ஏற்ப ஒரு காலுக்கு இரு துண்டுகளாக அது மாற்றி அமைக்கப்பட்டது. மார்க்கோ போலோ காணாத கைவினைஞன் பிற்காலத்தில் சந்தைகளிலும் சாலையோர மரநிழலிலும் அமர்ந்து தொழில் புரிந்தான்.

முடிவுரை

தமிழகத்தார்க்குக் குதிரை பேணத் தெரியாது என்னும் பொதுக்கூற்று முழுமையாக ஏற்கத்தக்கதன்று. பயிற்சியும் தீனியும் மயிர் கொய்தலும் நோய்க்குறி காண்டலும் சங்ககாலம் முதல் இங்கு அறியப்பட்டவை. வெளிநாட்டார் பழித்த தீனிமுறையும் நூல்வழி வந்ததே. எனினும் குதிரை இறப்புப் பற்றிய செய்தியை முற்றிலும் பொய்யென ஒதுக்கவும் இயலாது. தேர்க்குதிரைக்கு உரிய கருவியறிவோடு படைக்குதிரையை எதிர்கொண்ட காலத்தில், குளம்பு காக்கும் கருவியும் அதனைக் கையாளும் கையும் போதிய அளவில் இல்லை. விலங்கை விற்றவர் அக்கையை விற்கவில்லை. வாங்கியவரும் குதிரைக்குக் கொடுத்த பொன்னில் சிறுபகுதியைக்கூட அக்கையைத் தருவிக்கச் செலவிட்டதாகத் தெரியவில்லை. ஒரு குதிரைக்கு 220 தினார் கொடுத்த நாட்டில், சில இரும்பு ஆணிகளின் குறை பெருங்கேடாயிற்று.

கருவிச் சொற்களின் வரலாறு படைவரலாற்றிற்கு எத்துணைப் பயன்படும் என்பதை இவ்வாய்வு ஓரளவு காட்டியுள்ளது. அந்தியூர்க் குருநாதசாமி கோயில் ஆடித்திருவிழாவை ஒட்டிக் கூடும் குதிரைச்சந்தை போன்ற இடங்களில் வழங்கும் கயிறு, வார், மணி, சுழி ஆகியவை பற்றிய பேச்சுவழக்குச் சொற்களைக் களஆய்வின்வழித் தொகுத்து, நிகண்டுச் சொற்களோடும் கன்னட, தெலுங்கு வடிவங்களோடும் ஒப்பிட்டால் இவ்வரலாறு மேலும் தெளிவுபெறும். அச்சொற்களை வழங்குவோர் அருகி வருவதால் அப்பணி விரைந்து மேற்கொள்ளத்தக்கதாகும்.